மாட்ரிட்டின் கால்பந்து கிளப் ராயோ வயெகானோவின் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ரவுல் மார்ட்டின் பிரேசா அவர்களுக்கு,

வணக்கம். முதலில் வாழ்த்து. ஸ்பெயினின் முதல் டிவிஷன் லீகான லா லிகாவில் 2024-25இல் 52 புள்ளிகளுடன் எட்டாம் இடம். மே 24 அன்று மயோர்காவுடன் கோல் இல்லாமல் டிரா செய்ததும் ஐரோப்பாவின் மூன்றாம் நிலைக் கிளப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீகில் ஆடும் வாய்ப்பு உறுதியானது. கிளப் தொடங்கி நூறு வருடம் ஆன சீசனில் இது நடந்திருக்கிறது. 2000-01இல் ராயோ ஐரோப்பியக் கிளப் போட்டியான யூஇஎஃப்ஏ கோப்பையில் ஆடியது நன்னடத்தைக்கான இட ஒதுக்கீட்டில். கால் இறுதி வரை போனது வேறு விஷயம். இந்த முறை இடம் புள்ளிப் பட்டியலிலிருந்தே வந்தது.

இது யாருடைய சம்பாத்தியம்? கொலம்பிய நட்சத்திரம் ஹாமேஸ் ரோட்ரிகஸை ஆரவாரமாக அழைத்து வந்தீர்கள்; மனிதர் ஜனவரியிலேயே கிளம்பிவிட்டார். பயிற்சியாளர் இஞ்ஞிகோ பெரெஸ் கையில் இருந்தவர்களை வைத்தே சமாளித்தார். டிசம்பர் 14 ஆட்டம் ஒன்றே போதும். ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக 2-0 என முந்தி, பிறகு 3-2 எனப் பின்தங்கி, இசி பலாசோன் கோலால் 3-3. ராயோவின் அந்தச் சின்ன மைதானத்தில் ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால் கேலரியே கிடையாது, சுவர்தான். அதற்கு அப்பால் இருக்கும் அடுக்குமாடிக்காரர்கள் பால்கனியில் நின்று ஆட்டம் பார்க்கிறார்கள். பெரிய அணிகள் அங்கே வந்து திணறுவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அந்த மைதானத்தைத்தான் விட்டுப் போக வேண்டும் என்கிறீர்கள். இடம் போதாது, கட்டடம் பழசு என்பதெல்லாம் உண்மைதான். 1976இல் திறந்தது, பதினையாயிரம் பேர்கூடக் கொள்ளாது. ஆனால் அதன் சொந்தக்காரர் மாட்ரிட் மாகாண அரசு. பழுது பார்ப்பது யார் பொறுப்பு என்று நீங்களும் அவர்களும் ஒருவரையொருவர் காட்டிக்கொண்டே இருந்தால் சுவரில் காரை பெயரத்தான் செய்யும். அதையே காரணமாகக் காட்டி இடம் மாற்றக் கேட்பது எப்படி நியாயம்? ராயோ, மாட்ரிட்டின் வயெகாஸ் பேட்டையின் அணி. 2014இல் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட 85 வயது மூதாட்டிக்கு வாடகை தருவதாக முன்வந்தவர்கள் இதே அணியின் பயிற்சியாளரும் வீரர்களும்தான். பேட்டையை விட்டு வெளியே போனால் அது மாட்ரிட்டின் இன்னொரு கிளப், அவ்வளவுதான்.

சரி, மைதானம் பெரிய வேலை என்றே வைத்துக்கொள்வோம். டிக்கெட்? முதல் டிவிஷனில் ஆடும் அணியின் ரசிகர்கள் 2024-25இலும் கவுன்டர் முன்னால் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். இணையத்தில் விற்க எந்த அரசின் அனுமதியும் வேண்டாம். 2009 முதல் 2011 வரை தொடர்ந்து மூன்று முறை லீக் பட்டம் வென்ற பெண்கள் அணி 2022இல் முதல் டிவிஷனிலிருந்தே இறங்கியது. அதற்கும் கிளப் நிர்வாகம்தானே பதில் சொல்ல வேண்டும்?

இனியாவது இரண்டு காரியம் செய்யுங்கள். டிக்கெட்டை இணையத்தில் விடுங்கள். அப்புறம், மாகாண அரசுடன் உட்கார்ந்து பழுது வேலைக்கு ஒரு தேதி குறித்து, அதை ரசிகர் சங்கங்களிடம் எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
தொலைக்காட்சி வழியே ராயோவைப் பின்தொடரும் ஒரு தமிழ் ரசிகன்