மீனம்பாக்கத்திலிருந்து காந்தி ரோடு வரை

அன்புள்ள மணி,

உன் கடிதம் கிடைத்தது. உறையின் மேல் இன்னும் வட ஆர்க்காடு மாவட்டம் என்றே எழுதுகிறாய். 1989இல் அது இரண்டாகி, 2019இல் வேலூரும் மூன்றாகி, ராணிப்பேட்டையில் இருக்கும் என் சம்பந்தி இப்போது வேறு மாவட்டத்துக்காரர். நல்ல வேளை, தபால்காரர் பின்கோடு மட்டும்தான் பார்க்கிறார்.

இங்கே எல்லோரும் நலம். வெயிலைப் பற்றி எழுத வேண்டியதில்லை, வேலூர் வெயில் உனக்குத் தெரியாததா? சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் காலையில் காட்பாடிப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வருகிறேன். ஸ்டேஷனை இடித்துக் கட்டுகிறார்கள். நான் டிக்கெட் கொடுத்த கவுன்டர் எங்கே இருந்தது என்று காட்டச் சொன்னால் எனக்கே கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அம்மாவைச் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் காட்டுவதற்காக அழைத்து வருகிறாய் என்பதும், ஊரில் வீடு இல்லாததால் காந்தி ரோட்டில் ஓட்டல் பார்த்திருக்கிறாய் என்பதும் தெரிந்தது. எங்கள் வீட்டில் தங்கினால் என்ன என்று இவள் கேட்டாள். மாடிப்படி ஏற அம்மாவால் முடியாது என்று நானே சொல்லிவிட்டேன். ஆகவே அதில் வருத்தமில்லை.

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து ஓட்டல் வரை எப்படி வருவது என்று கேட்டிருந்தாய். ரயில்வேக்காரனைக் கேட்டால் ரயில் என்றுதான் சொல்வான் என்று நினைத்திருப்பாய். நீ தனியாக வருவதாக இருந்தால் வேறு பேச்சே இல்லை. விமான நிலையத்திலேயே மெட்ரோ இருக்கிறது, 2016இலிருந்து ஓடுகிறது. நீல வழித்தடத்தில் ஏறி உட்கார்ந்தால் மாறாமல் சென்ட்ரலில் இறங்கலாம். சென்ட்ரலிலிருந்து மேற்கே போகும் பெரும்பாலான வண்டிகள் காட்பாடியில் நிற்கும். 130 கிலோமீட்டர், சாதாரண எக்ஸ்பிரஸுக்கு இரண்டு மணி நேரம், மைசூரு வந்தே பாரத்துக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. (கோவை வந்தே பாரத்தில் தெரியாமல் ஏறிவிடாதே, அது காட்பாடியில் நிற்காமல் சேலம் போய்த்தான் நிற்கும்.) 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ரயிலில் வந்தால் நீ வருவது அதே தடத்தில்தான். நாம் கல்லூரி நாட்களில் பட்டணம் போய்வந்த பிருந்தாவன் எக்ஸ்பிரஸும் 1964இலிருந்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மெட்ரோ, ரயில், காட்பாடி ஆட்டோ மூன்றையும் கூட்டினாலும் காருக்குக் கொடுப்பதில் பாதி வராது.

ஆனால் நீ அம்மாவோடு வருகிறாய். நேரத்தையும் காசையும் ஒதுக்கிவைத்துவிட்டு, வழியில் அம்மா எத்தனை முறை எழுந்து, நடந்து, மறுபடி உட்கார வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார். விமானத்திலிருந்து சக்கர நாற்காலி. அதிலிருந்து மெட்ரோ. சென்ட்ரலில் சுரங்கப்பாதை ஏறி, கூட்டத்தைத் தாண்டி பிளாட்பாரம். பெட்டி பிளாட்பாரத்தின் கடைசியில் நின்றால் அந்த நீளம் முழுவதும் நடை. பிறகு காட்பாடியில் இறங்குவது. வண்டி நிற்பது இரண்டு நிமிடம். விவரம் தெரிந்தவர்கள் பொன்னையாற்றுப் பாலம் வந்ததுமே பெட்டிகளை இறக்கி, திருவலம் தாண்டும்போது கதவருகே வந்துவிடுவார்கள். ஓடும் வண்டியில் எண்பது தாண்டிய அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படி நிற்க வேண்டுமா? இறங்கியபின் மேம்பாலம், அதன் பிறகு ஆட்டோ பேரம். மூட்டு வலி உள்ளவர்களுக்குத் தூரத்தைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் பாடு.

அதனால் காரில் வா. நானே எழுதுகிறேன், சிரிக்காதே.

விமான நிலையத்தில் பேரம் பேசிப் பிடிக்கும் டாக்சி வேண்டாம். செயலியில் அழைக்கும் கார் என்றால் பல அடுக்கு வாகன நிறுத்தத்துக்கு நீங்கள் போய்த்தான் ஏற வேண்டும். பெட்டி தள்ளிக்கொண்டு, அம்மாவையும் பிடித்துக்கொண்டு அந்த நடை எதற்கு? சென்னை டிரைவருக்கு வேலூர்ச் சந்துகளும் தெரியாது, திரும்பிப் போகும் காசையும் உன்னிடமே கேட்பார். எப்படியும் இரண்டு வழிக்கும் கொடுக்கத்தான் போகிறாய் என்றால் வேலூர்க் காரே வரட்டும். எங்கள் தெருவில் வண்டி வைத்திருக்கும் தம்பி ஒருவன் இருக்கிறான். மாதத்தில் பாதி நாள் அவனுக்கு மீனம்பாக்கம் சவாரிதான், கல்கத்தாவிலிருந்து வரும் நோயாளிகளை ஏற்றிவந்து வங்காளியில் நாலு வார்த்தை பேசுமளவுக்குத் தேறிவிட்டான். வருகை வாசலுக்கே வருவான், ஆனால் அங்கே அதிக நேரம் நிற்க விடமாட்டார்கள். பெட்டிகள் கைக்கு வந்தபிறகு அவனுக்குப் போன் செய்தால் போதும்.

இரவு விமானத்தில் டிக்கெட் மலிவு என்று எழுதியிருந்தாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பதினொரு மணிக்கு இறங்கி, குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டி எடுத்து வெளியே வரும்போது பன்னிரண்டைத் தாண்டிவிடும். அப்போது மெட்ரோவும் இல்லை, காட்பாடிக்குப் பெங்களூர் மெயிலும் போயிருக்கும், ஆக கார் ஒன்றுதான் கதி. பூந்தமல்லியிலிருந்து வாலாஜாபேட்டை வரை ஆறுவழிச் சாலைப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. மேம்பாலம் கட்டும் இடங்களில் திடீரென்று சர்வீஸ் ரோட்டுக்குத் திருப்பிவிடுவார்கள். பகலில் அது எரிச்சல், இரவில் லாரிகளுக்கு நடுவே அது ஆபத்து. காலை விமானத்தில் வா. வெளிச்சத்தில் வந்தால் காஞ்சிபுரம் தாண்டி எங்காவது நிறுத்தி அம்மாவுக்கு இரண்டு இட்லி வாங்கிக் கொடுக்கலாம், கை கால் நீட்டவும் வசதி. மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள், ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டும் நேரமானால் இன்னும் கொஞ்சம் கூடும்.

பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் வந்தால் நமக்குப் பாதி வழி மிச்சம் என்று இங்கே பலர் பேசுகிறார்கள். ஏரியையும் நிலத்தையும் விட்டுத்தர மாட்டோம் என்று ஏகனாபுரத்துக்காரர்கள் 2022இலிருந்து போராடுகிறார்கள். நம் ஒரு மணி நேரத்துக்காக அவர்கள் ஊரைக் காலி செய்ய வேண்டுமா என்று கேட்டால், பேசுகிறவர்களுக்குக் கோபம் வருகிறது. இங்கே வேலூர் அப்துல்லாபுரத்திலேயே விமானம் வந்து இறங்கப்போகிறது என்றும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நீ அதை நம்பி எதையும் திட்டமிடாதே.

ஓட்டலைப் பற்றி ஒன்று. காந்தி ரோடு ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்று பார்த்தாய், சரிதான். ஆனால் காலையில் அந்தத் தெருவைப் பார்த்தவன் யோசிப்பான். இரண்டு பக்கமும் லாட்ஜ், வங்காளியிலும் இந்தியிலும் பலகைகள், வாசலிலேயே மீன் குழம்பு மணக்கும் வங்காளச் சாப்பாட்டுக் கடைகள், கையில் எக்ஸ்ரே உறையோடு நடப்பவர்கள். கார் உள்ளே நுழைந்து அம்மாவை இறக்கிவிட்டு வெளியே வருவதற்குள் டிரைவருக்கு உயிர் போய்விடும். பின்னால் ஒருவன் ஹார்னை அமுக்கிக்கொண்டே இருப்பான். ஆபீசர்ஸ் லைன் பக்கமோ, புதிய பஸ் நிலையம் அருகிலோ, வாசலிலேயே கார் நிற்கும் இடமாகப் பார்க்கலாம். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் சில நிமிடம்தான். லிஃப்ட் இருக்கிறதா என்று நானே போய்ப் பார்த்து, ஏறி இறங்கிவிட்டுச் சொல்கிறேன். போனில் கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

திரும்பிப் போகும்போது அம்மாவுக்கு உடம்பு தேறியிருந்தால் ரயிலில் போகலாம். அப்போது ஏற்றிவிட நான் இருப்பேன், பெட்டி எந்த இடத்தில் நிற்கும் என்பதும் எனக்குத் தெரியும். முதியோர் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தியது நிறுத்தியதுதான், ஆகவே முழுக் கட்டணம். ரயில்வேயில் இத்தனை வருடம் இருந்தவனுக்கு அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு வந்துவிட்டது, விலையும் கூடவே ஏறிவிட்டது. அம்மாவுக்குப் பிடிக்கும் என்று இவள் இப்போதே கடைக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறாள். உப்பு, காரம் எவ்வளவு சேர்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தால் அதையும் எழுது.

காலை விமானத்தில் இடம் போட்டதும் விமான எண்ணையும் இறங்கும் நேரத்தையும் அனுப்பு. விமானத்துக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடு. தம்பிக்கு முன்பணம் நான் கொடுத்துவிடுகிறேன், நீ அங்கிருந்து எதுவும் அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
கோபால்