வலை எந்த அடுக்கில் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த குடலிறக்கக் (ஹெர்னியா) கட்டுரை, திறந்து செய்வது பழைய முறை, துளை போட்டுச் செய்வது புதிய முறை என்று இரண்டே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டது. அதை நம்பி மருத்துவமனை தேடுபவர் தவறான கேள்வியோடுதான் போய் நிற்பார். தொடையிடுக்கில் வரும் ஹெர்னியாவில் வெளியே தெரியும் தழும்பு சின்ன விஷயம். குடல் பிதுங்கும் பலவீனமான இடத்தை மூட உள்ளே வைக்கும் வலை எந்த அடுக்கில், எவ்வளவு பரப்பில் உட்கார்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1880களில் இத்தாலியின் அறுவை மருத்துவர் பசீனி, பலவீனமான இடத்துக்கு மேலே உள்ள தசையைக் கீழே இழுத்து, இடுப்பெலும்பிலிருந்து வரும் தசைநாரோடு சேர்த்துத் தைத்தார். இழுத்துத் தைத்த தையல் ஒவ்வொரு இருமலுக்கும் திசுவை அறுக்கும். ஹெர்னியா திரும்ப வரும். கனடாவின் ஷோல்டைஸ் முறை அதே இடத்தை நான்கு வரிசையில் மடித்துத் தைத்து இழுவையைப் பங்கிட்டது. தினமும் அதையே செய்பவர் கையில் நன்றாக நிற்கும். எப்போதாவது செய்பவர் கையில் நிற்காது. 1980களில் அமெரிக்காவின் லிச்சன்ஸ்டைன் குழு இழுப்பதையே கைவிட்டு, ஓட்டையின் மேல் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை வலையை வைத்தது. இன்று 'ஓப்பன்' என்று பொதுவாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் இதுதான். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே இதை முடிக்கலாம். முழு மயக்கம் தாங்காத இதயமோ நுரையீரலோ உள்ளவருக்கு இது பெரிய வசதி. கட்டுரை இதைத் தொடவேயில்லை.

இதில் தவறு நடப்பது பெரும்பாலும் வலையின் அளவிலும் ஓரங்களிலும்தான். ஏறக்குறைய 7 செ.மீ.க்கு 15 செ.மீ. வலை வேண்டும். உள்முனை இடுப்பெலும்பின் முன்புற முடிச்சைத் தாண்டி 2 செ.மீ. ஆவது போக வேண்டும்; திரும்பி வரும் ஹெர்னியா அடிக்கடி எட்டிப்பார்க்கும் மூலை அதுதான். அங்கே ஊசி எலும்பின் மேலுறையைக் குத்தினால் மாதக்கணக்கில் வலிக்கும். வெளிமுனையை இரண்டு வாலாக வெட்டி, விரைக்கு இறங்கும் விந்துநாணைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுத் தைக்க வேண்டும். வலையைப் பாய் விரித்த மாதிரி விறைப்பாகத் தைக்கக் கூடாது. படுத்திருக்கும்போது அளவாகத் தெரிவது, எழுந்து நின்றதும் இறுகும். பிறகு வலையும் கொஞ்சம் சுருங்கும்.

துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் வலை தசைக்குப் பின்னால், வயிற்று உள்ளுறைக்கு வெளியே உட்காரும். வயிற்றுக்குள் நுழைந்து உறையைத் திறந்து செய்வது 'டாப்', வயிற்றுக்குள் போகாமலே செய்வது 'டெப்'. இரண்டிலும் குறைந்தது 10 செ.மீ.க்கு 15 செ.மீ. வலை. தொடைக்குள் இறங்கும் வழியையும் இது சேர்த்து மூடும். லிச்சன்ஸ்டைன் வலை அந்த வழியை மூடாது. பெண்களுக்குத் தொடை வழி ஹெர்னியா ஒப்பீட்டில் அதிகம், அது சிக்கி அழுகும் ஆபத்தும் அதிகம் என்பதால், அவர்களுக்கு வசதி இருக்குமிடத்தில் பின்பக்க வலையே முதல் தேர்வு. இரு பக்கமும் இருப்பவருக்கும், முன்பு திறந்து வலை வைத்தும் திரும்ப வந்தவருக்கும் அப்படியே. முன்பு லேப்ராஸ்கோப்பி செய்து திரும்ப வந்தால் முன்பக்கமாகப் போவதே நல்லது. புராஸ்டேட் சுரப்பியைத் திறந்து எடுத்தவருக்குப் பின்பக்க அடுக்குகள் ஒட்டிக் கிடக்கும். அங்கே துளை போட்டுச் சாதிக்க நினைப்பது வீண் பிடிவாதம்.

துளை முறைக்கும் அதன் பொறிகள் உண்டு. வயிற்று உள்ளுறையை விந்துநாணிலிருந்து போதுமான தூரம் பின்னே தள்ளாவிட்டால், இடம் விரிக்க உள்ளே செலுத்திய வாயுவை வெளியேற்றியதும் அது வலையின் கீழோரத்துக்கு அடியில் நழுவி வரும். வலையைப் பிடிக்க அடிக்கும் ஆணி கீழ்ப்பகுதியில் ஓரிடத்தில் பெரிய ரத்தக்குழாயையும், அதற்கு வெளிப்புறத்தில் நரம்பையும் குத்தும். அறுவை மருத்துவர்கள் அந்த இடங்களுக்கே அழிவு முக்கோணம், வலி முக்கோணம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

எந்த முறையானாலும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மூன்று மாதம் கடந்தும் தொந்தரவு தரும் வலி இருக்கிறது. திறந்து செய்யும்போது மூன்று நரம்புகளை அடையாளம் கண்டு காப்பாற்றுவது இதற்காகத்தான். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன் இதைச் சொல்லியாக வேண்டும்.

கட்டுரை விட்ட இன்னும் இரண்டு. குழந்தைகளுக்கு வலையே கூடாது. ஹெர்னியா பையின் கழுத்தைக் கட்டி, பையை வெட்டினால் போதும். வலியில்லாத சிறிய வீக்கம் உள்ள ஆண், மருத்துவர் பார்த்துச் சொன்னால், அறுவையைத் தள்ளிவைக்கலாம். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் பத்து ஆண்டுக்குள் வலி கூடி அறுவைக்கே வருகிறார்கள். படுத்தாலும் உள்ளே போகாமல் வீக்கம் கல்லாகி, வலியும் வாந்தியும் வந்தால் அன்றே அவசரப் பிரிவு. அமுக்கிப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

வீடு திரும்பும்போது தரும் சுருக்கக் குறிப்பில் 'ஹெர்னியா சரிசெய்யப்பட்டது' என்று ஒரு வரி போதாது. எந்த முறை, எந்த அடுக்கு, வலையின் வகையும் அளவும், நரம்பு எதுவும் வெட்டப்பட்டதா என்பதை எழுதித் தரச் சொல்லி வாசகர்கள் கேட்டு வாங்கட்டும். திரும்ப வந்தால் எந்தப் பக்கமாக நுழைவது என்று அடுத்த மருத்துவர் முடிவு செய்வது அந்தத் தாளை வைத்துத்தான்.

இப்படிக்கு,
பொது அறுவை மருத்துவர் ஒருவர்