மைனஸ் 46-ன்னா எது 46?

ஆசிரியருக்கு வணக்கம். கனடாவுல வின்னிபெக்ல இருந்து எழுதறேன், உங்க பேப்பர்ல குளிர் பத்தி நியூஸ் வரும்போதெல்லாம் விண்ட் சில்லையும் நிஜ டெம்பரேச்சரையும் ஒண்ணா கலந்து போட்டுடறீங்க, படிச்சுட்டு ஊர்ல இருந்து அம்மா பதறிப்போய் போன் பண்றாங்க. மைனஸ் 30-ல மணிக்கு 30 கிலோமீட்டர் காத்து அடிச்சா விண்ட் சில் மைனஸ் 46 வரும், ஆனா அது டிகிரி இல்ல, நம்ம தோலுக்கு எப்படி உறைக்கும்ங்கிற ஒரு கணக்கு, அவ்வளவுதான். எவ்வளவு காத்து அடிச்சாலும் கார் இன்ஜின் மைனஸ் 30-க்கு கீழ போகாது (அதுக்கே இன்ஜின சூடா வச்சுக்கற பிளாக் ஹீட்டர கரண்ட்ல சொருகி வைக்கணும்!). ஆனா கிளவுஸ் இல்லாத விரல் அஞ்சு பத்து நிமிஷத்துல உறைஞ்சிடும், அதனால ரெண்டு நம்பரையும் தனித்தனியா போடுங்க.

இன்னொண்ணு, ஃபோர்காஸ்ட் பொய்னு எல்லாரும் திட்டறாங்க. கனடாவோட வடமேற்கு மூலையில இருக்கற யூகான் பக்கத்துல இருந்து ஆர்க்டிக் காத்து இறங்கறத நாலஞ்சு நாள் முன்னாடியே ஓரளவு கரெக்டா சொல்லிடறாங்க, ராத்திரி எவ்வளவு கீழ போகும்ங்கறதுதான் கஷ்டம், ஏன்னா தரையெல்லாம் பனி, வானம் தெளிவா இருந்து காத்தும் நின்னுட்டா சூடு எல்லாம் மேல போயிடும், கொஞ்சம் மேகம் வந்தாலே கணக்கு மாறிடும்.

2024 ஜனவரி 13 சாயங்காலம் ஆல்பர்ட்டா மாகாணத்துல கடுங்குளிர்ல கரண்ட் பத்தாம எல்லார் போனுக்கும் அலர்ட் வந்துச்சே, ஜனங்க லைட்ட அணைச்சதுல சில நிமிஷத்துலயே நூறு மெகாவாட்டுக்கு மேல கொறஞ்சுது. அந்த மாதிரி விஷயத்தையும் கொஞ்சம் விளக்கி எழுதுங்க சார்.

– ஒரு வாசகர், வின்னிபெக்