ஏழு வருஷக் கணக்கு

அன்புள்ள மாஜி சிரஸ்தாருக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தது போதும், டாக்டரைப் பார்.

உன் அக்கா மகன் பி.பி. (அரசுத் தரப்பில் குற்ற வழக்கு நடத்தும் வக்கீல்) பதவிக்கு விண்ணப்பிக்கப் போகிறான், கலெக்டர் ஆபீஸில் யாரைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். கோர்ட்டில் தலைமைக் குமாஸ்தாவாகவே காலம் தள்ளியவன் கேட்கிற கேள்வியா இது?

சட்டப்படி, மாவட்ட நீதிபதியைக் கலந்துகொண்டு அந்தப் பதவிக்குத் தகுதியானவர்களின் பட்டியல் தயாரிப்பவர் கலெக்டர். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 24ஆம் பிரிவு. 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 18ஆம் பிரிவு. பட்டியலில் இல்லாத பெயரை அரசு நியமிக்க முடியாது. ஆனால் கோப்பு பிறப்பது என் மாதிரி உதவியாளர் மேஜையில்தான்.

ஏழு வருஷமாவது வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும் என்பது விதி. பார் கவுன்சில் சான்றிதழில் இருப்பதோ பதிவு செய்த தேதி மட்டும். ஒருவர் விண்ணப்பத்தில் பதிவு ஆகிப் பதினோரு வருஷம். நடத்திய வழக்குகளின் பட்டியலைப் புரட்டினால் நடுவில் ஐந்து வருஷம் ஒரு வழக்குகூட இல்லை. விசாரித்தேன். கம்பெனியில் முழுநேரச் சம்பள வேலையாம். அப்படி இருப்பவர் தொழில் செய்யவே கூடாதே! ‘தொழில் செய்த காலம் ஆறு ஆண்டு எனத் தெரிகிறது’ என்று குறிப்பில் ஒரு வரி எழுதினேன். கோப்பு ஓரத்தில் ‘பேசவும்’ என்று மேலதிகாரி குறிப்பு வந்தது. போய்ப் பேசினேன், அந்த வரி அப்படியே நிலைத்தது. அந்த மனிதர் இன்றும் என்னைப் பார்த்தால் எதிர்ப் பக்கம் போய்விடுவார்.

எங்களால் பார்க்க முடிந்தது அவ்வளவுதான். வக்கீலின் திறமை நீதிபதிக்குத் தெரியும், கோர்ட்டுக்கு வெளியே அவர் நடந்துகொள்வது கலெக்டருக்குத் தெரியும் என்று ஜோஹ்ரி மால் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கலெக்டருக்கு எப்படித் தெரியும்? போலீஸ் அறிக்கையில் ‘பாதகமாக ஏதுமில்லை’ என்று ஒரு வரி வரும். சாட்சியை மிரட்டுகிறவரா, எதிர்த்தரப்போடு காபி குடிக்கிறவரா என்பதை உங்கள் கோர்ட் டவாலி, அதுதான் நீதிபதியின் சேவகர், சொல்லியிருப்பார். அவரை யார் கேட்டார்கள்?

சரி, மருமகனிடம் சொல். வழக்கு எண்களை வருஷவாரியாக, இடைவெளி இல்லாமல் எழுதட்டும். இடைவெளி இருந்தால் காரணத்தையும் அவனே எழுதிவிடட்டும். அப்புறம், அந்த நார்த்தங்காய் ஊறுகாய் இன்னும் வரவில்லை.

உன்,
பழைய கிளார்க்