தண்ணீரோடு போன தூக்கும் எங்கள் கணக்கில்தான்

வெட்டாற்றங்கரை ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை ராத்திரி கோயில் திடலில் எட்டு முழ வேட்டியைத் திரையாகக் கட்டி, ஊர்ப் பிள்ளைகளின் கனவுகளை வைத்து எடுத்த படத்தைக் காட்டினோமே, முடிந்ததும் நன்றி சொல்ல மைக்கைப் பிடித்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால்தான் இந்த மடல்.

ஆரம்பத்தில் பிள்ளைகளிடம் நாங்கள் கேட்ட கேள்வியே தப்பு. "உன் கனவு என்ன?" என்றோம். பதினொரு பேரில் ஏழு பேர் கலெக்டர், மிச்சப் பேர் டாக்டர். ஆண்டு விழாவில் ஒப்பிப்பதைக் கேமராவுக்கும் ஒப்பித்தார்கள். டீக்கடை அண்ணன்தான் பாய்லருக்குப் பின்னாலிருந்து, "நேத்து ராத்திரி என்ன கனா வந்துச்சுன்னு கேளுங்க சார்" என்றார். அப்புறம் பேச ஆரம்பித்தார்கள் பாருங்கள்! ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதென்று கொள்முதல் நிலையத்தில் எடுக்காமல் விட்ட நெல், மூட்டைக்குள்ளேயே முளைத்து வீடுவரை படர்ந்ததாம் ஒருவனுக்கு. பத்தாவது படிக்கும் பெண்ணுக்கோ, வீட்டுக் கூடத்தில் ஆறு ஓடுகிறது, அம்மா அதில் பாத்திரம் தேய்க்கிறாள்.

இது டாக்குமெண்டரியா நாடகமா என்று திடலில் கேட்டவர்களுக்கு: இரண்டும்தான். கனவு கண்டவர்களே அதை நடித்தும் காட்டினார்கள்.

அந்த ஆற்றுக் கனவுக்கு நிஜத் தண்ணீர் வேண்டியிருந்தது. ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கும், வெட்டாற்றுக்குத் தண்ணீர் வரும் என்று கேமராவை வாடகைக்கு எடுத்துவிட்டோம். அது 2024. அணையில் தண்ணீர் இல்லை, ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். கையில் இருந்த காசு வாடகைக்கே போனது. அதுவரை எங்கள் ஐந்து பேருக்கும் சோறு போட்ட வீடுகளை எண்ணினால் ஒரு தெருவே வரும்.

ஒரு ராத்திரி, மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் ஐயா போன் செய்தார். "தென்பெரம்பூர்ல வெட்டாத்துக்கு விட்டாச்சு தம்பி, விடியக்காலம் வந்துடும்." விடிவதற்குள் ஆற்று மணலில் கூடம் போட்டோம். ஒரு மாதமாக "எனக்கு நடிக்கிற வயசா?" என்று மறுத்த அந்தப் பெண்ணின் அம்மா, வீட்டுப் பாத்திரங்களோடு தானே வந்து உட்கார்ந்தார். எங்கள் சவுண்டுக்காக மும்முனை மின்சாரம் இருக்கிற நேரத்தில் இருபது நிமிடம் போர் மோட்டாரை நிறுத்திய மாமாவை மறக்க முடியாது. மணல் உறிஞ்சும் சத்தம் படத்தில் கேட்கிறதென்றால் அவரால்தான்.

முதலில் நுரை வந்தது, பின்னாலேயே சருகு, ஒற்றைச் செருப்பு. தண்ணீர் பாதத்தைத் தொட்டதும் அம்மா தேய்ப்பதை நிறுத்திவிட்டு, உள்ளங்கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார். நாங்கள் சொல்லித் தந்ததில்லை அது. ரீடேக்கும் கிடையாது.

சனிக்கிழமைகளில் பிள்ளைகளை அனுப்பிய தலைமையாசிரியைக்கும், ஜெனரேட்டர் தந்த பந்தல்காரருக்கும் நன்றி. டீக்கடை அண்ணே, டைட்டிலில் உங்களைத்தான் 'கதை' என்று போட்டிருக்கிறோம், கவனித்தீர்களா?

அப்புறம் அக்கா, அன்றைக்குத் தண்ணீரோடு போன உங்கள் எவர்சில்வர் தூக்கு. பொங்கலுக்கு வரும்போது புதுசு வாங்கி வருகிறோம்.

அன்புடன்,
படக்குழு