எந்த முனையில் கிளம்புவது?

ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் பழைய ரயில் தடத்தில், காட்டு வழியே 240 கி.மீ. ஓடும் ‘கிரேட் அலெகெனி பாசேஜ்’ சைக்கிள் பாதையைப் பற்றி எழுதுவோர், ‘கார் வராது’ என்பதோடு முடித்துவிடுகிறார்கள். ஒரு முனையான கம்பர்லேண்டில் கிளம்பினால் முதல் 38 கி.மீ. விடாத ஏற்றம், சுமார் 540 மீட்டர். மறுமுனையான பிட்ஸ்பர்க்கில் கிளம்பினால் ஏறுவதே தெரியாது. கடைசியில் ஒரே இறக்கம்.

தரை, பொடித்த சுண்ணாம்புக்கல். 38 மி.மீ. அகல டயர் தாராளம். காற்றைக் கல் மாதிரி அடித்தால் கை மரத்துப்போகும். மழையில் அந்தப் பொடி மாவாகிச் செயினில் அப்பும். துடைக்காமல் எண்ணெய் விட்டால் பல்சக்கரத்தைத் தின்றுவிடும். விளக்கு அவசியம்: பிக் சேவேஜ் சுரங்கம் மட்டுமே 1 கி.மீ. நீளம். பனிக்கட்டி சேதப்படுத்தும் என்று குளிர்காலத்தில் அதை அடைத்துவிடுவார்கள். ஜனவரியில் போனால் மூடிய கதவைத்தான் பார்க்கலாம்.