அடக்கி வைத்த மாவு

பாளையங்கோட்டை

அன்புள்ள சிநேகிதிக்கு,

இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம். உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் கோயில் வரை நடந்துபோய் வந்தேன் என்று எழுதியிருந்தாய். குன்னூர் ஏற்றத்தில் அது சின்னக் காரியமில்லை. இங்கே ஆனிக் காற்று தொடங்கிவிட்டது. பகலெல்லாம் கதவுகள் அடித்துக்கொள்கின்றன, துடைத்த மேசையில் அரை மணி நேரத்தில் விரலால் பெயர் எழுதலாம். குற்றாலத்தில் சாரல் விழுகிறதாம்; நமக்கு மேகம் மட்டும். சென்னைக்கு வந்து தன்னோடு இருக்கும்படி மகன் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். நானும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அறுபத்தெட்டு வயதில் நான் ரொட்டி சுடப் பழகியதே வேடிக்கை என்றும், அதில் வேத அர்த்தம் பார்க்கிறேன் என்பது அதைவிட வேடிக்கை என்றும் எழுதியிருக்கிறாய். நம் தோசை மாவில் இல்லாத எதை அந்த மாவில் கண்டுவிட்டாய் என்ற உன் கேள்விக்குச் சிரித்துவிட்டு விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இரண்டு நாளாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆகையால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அவரை அடக்கம் பண்ணிய பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது உனக்குத் தெரியும். விடியற்காலை மூன்றரை மணிக்கு விழிப்பு வரும். வேதத்தைத் திறந்தால் எழுத்து தெரியும், பொருள் மனதில் ஏறாது. ஜெபிக்கலாமென்று உட்கார்ந்தால் வார்த்தை வராது. நாற்பது வருஷம் ஞாயிறு பள்ளியில் ஜெபம் சொல்லிக்கொடுத்தவளுக்கு வந்த நிலை அது. அந்த நாட்களில் எனக்குப் பிடித்திருந்த ஒரே வேதபகுதி எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, போதும் என்று சாகக் கேட்ட இடம்தான். தேவதூதன் வந்து அவனுக்குப் புத்திமதி எதுவும் சொல்லவில்லை, கவனித்திருக்கிறாயா? தட்டி எழுப்பி, எழுந்திருந்து சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட ஓர் அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. அவன் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறான். தூதன் இரண்டாந்தரமும் வந்து சாப்பிடத்தான் சொல்கிறான். ஆறுதல் சொல்ல வீட்டுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் சோற்றுத் தூக்கோடு வந்து, பேசாமல் பரிமாறிவிட்டுப் போனவர்களைத்தான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

பேத்தி விடுமுறைக்கு வந்தபோது கேக் சுட வாங்கிய சின்ன ஓவன் ஒன்று சமையலறை மூலையில் கிடந்தது. தூக்கமில்லாத ஒரு விடியற்காலையில், கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்பதற்காக மட்டுமே அதைத் துடைத்து வைத்தேன். ஈஸ்ட் வாங்கிப் போட்டால் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலைதான். ஆனால் எனக்கு நேரம் செலவாக வேண்டியிருந்தது. எனவே கோதுமை மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து தானாகப் புளிக்க வைக்கும் பழைய முறையை எடுத்துக்கொண்டேன். ஒரு கண்ணாடிப் போத்தலில் ஐம்பது கிராம் மாவு, ஐம்பது கிராம் தண்ணீர். தினமும் பாதியை எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, அதே அளவு புது மாவும் தண்ணீரும் சேர்த்துக் கிளற வேண்டும்.

இரண்டாம் நாளே குபுகுபுவென்று பொங்கிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் ஊறின சாக்கு நாற்றம். நான்காம் நாள் ஒரு குமிழிகூட இல்லை. மேலே தண்ணீர் தெளிந்து நிற்க, கீழே மாவு செத்தாற்போல் கிடந்தது. முதலில் பொங்கியது நமக்கு வேண்டாத கிருமிகளின் ஆட்டம் என்பதும், மாவில் புளிப்பு ஏற ஏற அவை அடங்கிப்போக, அந்தப் புளிப்பைத் தாங்கும் நல்ல நுண்ணுயிர்கள் மெல்லத் தலையெடுக்கும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. கொட்டிவிடத்தான் எடுத்துப் போனேன். தண்ணீர்க் குழாயில் அன்றைக்குத் தண்ணீர் வரவில்லை, போத்தலைக் கழுவ முடியாதே என்று திரும்ப வைத்துவிட்டேன். அது மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தது என்று எழுதத்தான் ஆசை. பொய் சொல்லக்கூடாது, ஆறாம் நாள் சாயங்காலம்தான் எழுந்தது. பழுத்த ஆப்பிளும் மோரும் கலந்தாற்போல் ஒரு வாசனை.

அதற்குப் பிறகு ஒருநாள் மத்தேயு 13ஆம் அதிகாரம் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான், நூறு தடவை கடந்துபோன ஒரு சொல்லில் என் கண் நின்றது. “பரலோகராஜ்யம் புளித்த மாவுக்கு ஒப்பாயிருக்கிறது, அதை ஒரு ஸ்திரீ எடுத்து, முழுவதும் புளிக்கும்வரைக்கும், மூன்றுபடி மாவிலே அடக்கிவைத்தாள்.” கலந்தாள் என்றோ பிசைந்தாள் என்றோ இல்லை, அடக்கி வைத்தாள். மூலத்தில் ஒளித்துவைத்தாள் என்ற பொருளுள்ள சொல் இருக்கிறது. அதற்கு நம் மொழிபெயர்ப்பாளர்கள் எடுத்த வார்த்தை, நம் வீடுகளில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வருகிற அன்று நாம் சொல்லுகிற வார்த்தை. அவர்கள் அதை எண்ணி எடுத்தார்களா என்று நான் வாதாட வரவில்லை. பெட்டியின்மேல் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்த கை எனக்கு. அதே கையால் மாவுக்குள் மாவை அடக்கி ஈரத்துணி போட்டு மூடுகிறேன். அன்று காலைதான், ஏறத்தாழ ஐந்து மாதத்துக்குப் பிறகு, எனக்கு ஜெபம் வந்தது. வார்த்தையாக வரவில்லை. அழுகையாக வந்தது.

இந்த “மூன்றுபடி” என்பதையும் நாம் சரியாகக் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். நம் ஊர்ப் படி ஒன்றரை லிட்டரைச் சுற்றித்தான் இருக்கும். மூன்று படி என்றால் ஒரு குடும்பத்துக்குக் கொஞ்சம் தாராளமான சமையல் என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அங்கே சொல்லப்படும் எபிரெய அளவு மூன்று சேர்ந்தால் 36 லிட்டர் வரை வரும் என்பார்கள். நூறு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். மம்ரேயில் வந்த மூன்று விருந்தாளிகளுக்காக ஆபிரகாம் சாராளிடம் போய், சீக்கிரமாய்ப் பிசை என்று சொன்னதும் இதே மூன்றுபடிதான். அந்த ஸ்திரீ செய்தது ஒரு வீட்டுப் பலகாரம் இல்லை, அது அசனம், ஊர் கூடி உண்ணும் கோயில் விருந்து! நம் ஊர்க் கோயில் அசனத்தன்று அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, ஓலைப்பாயில் கொட்டி ஆவி பறக்கக் கிடக்கும் அந்தக் குவியலை நினைத்துக்கொள், பிறகு உவமையை வாசி. ஊர் முழுவதும் உண்ணப்போகிற மாவுக்குள் ஒரு பெண் தனியாக, ஒருவரும் பார்க்காத நேரத்தில், ஒரு உருண்டையை அடக்கிவிட்டுப் போகிறாள். அது எப்படிப் பொங்குகிறது என்று அவளுக்குத் தெரியாது. உலகத்தில் யாருக்குமே அப்போது தெரியாது. புளிப்பு உயிருள்ள நுண்ணுயிர்களின் வேலை என்பதை லூயி பாஸ்டர் நிலைநாட்ட 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஆகிவிட்டது.

இதைப் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் சொன்னேன். வந்திருந்த பிரசங்கியார் ஒருவர் முகம் சுளித்தார். வேதத்தில் புளிப்பு என்றால் பாவம்தான், பரிசேயரின் புளித்த மாவைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே என்றார். பஸ்காவுக்கு வீட்டில் புளிப்பே இருக்கக்கூடாது, தகனபலியில் புளித்ததைச் சேர்க்கக்கூடாது, பவுலும் பழைய புளித்த மாவைப் புறம்பே கழித்துப்போடச் சொல்கிறார். எல்லாம் உண்மைதான். ஆனாலும் அதே லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தில், அறுப்பின் முதற்பலனாகப் பெந்தெகொஸ்தே நாளில் கொண்டுவரும் இரண்டு அப்பங்களும் புளிப்பாகப் பாகம்பண்ணப்பட வேண்டும் என்று கட்டளை இருக்கிறது. நான் அதை எடுத்துச் சொன்னதும் அவர் நேரமாகிவிட்டது என்று முடித்துவிட்டார். போத்தலை நாளும் திறந்து மோந்து பார்க்கிறவளுக்கு இதில் குழப்பமில்லை. நாறினதும் அதே போத்தல், மணந்ததும் அதே போத்தல். மாவுக்குள் எது போனாலும் அது முழுவதும் பரவும் என்பதுதான் பவுல் சொன்னதும், ஆண்டவர் சொன்னதும். பரிசேயனின் மாய்மாலம் எவ்வளவு ஓசையில்லாமல் பரவுமோ, அவ்வளவு ஓசையில்லாமல் தேவனுடைய ராஜ்யமும் பரவுகிறது என்று, எச்சரிக்கைக்கு எடுத்த அதே பொருளை நம்பிக்கைக்கும் எடுத்துக் காட்டியதில் ஆண்டவருக்கு ஒரு குறும்பு இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இதைப் பிரசங்கியாரிடம் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

உப்பைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் அதில் நான் நன்றாக ஏமாந்தேன். ஐந்நூறு கிராம் மாவுக்குப் பத்து கிராம் உப்பு, அவ்வளவுதான் கணக்கு. ஒருநாள் பிசையும்போது தொலைபேசி வந்தது. மகனோடு சென்னை விவகாரத்தைப் பேசிவிட்டு வந்து உப்பு போடாமலே மூடி வைத்துவிட்டேன். நம் ஊர் வெக்கையில் அது கட்டவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிபோல் ஏறி, பாத்திரத்தைத் தாண்டி மேசையில் வழிந்தது. சுட்டபோது மேலே நிறம் ஏறவில்லை, வாயில் வைத்தால் காகிதம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது ருசியைப் பற்றிய பழமொழி என்றே அதுவரை நினைத்திருந்தேன். உப்பு, புளிப்பின் வேகத்தை அடக்கி நிதானமாக்குகிறது, மாவின் இழைகளை இறுக்கிப் பிடிக்கிறது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். “நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்” என்ற வசனத்துக்கு, ருசி கொடுங்கள், அழுகாமல் காப்பாற்றுங்கள் என்று இரண்டு விளக்கங்களே நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பொங்குகிறதைப் பிடித்து நிறுத்துவதும் உப்பின் வேலைதான் என்று இப்போதானால் சேர்த்துச் சொல்லுவேன். நாம் போடுகிற உப்பு தூத்துக்குடியிலிருந்து வருகிறது. உச்சி வெயிலில், கண்ணைக் கூசுகிற அந்த வெள்ளைப் பாத்தியில் வெறுங்காலோடு நின்று உப்பு வாருகிற பெண்களை நாம் பேருந்து ஜன்னலில் இருந்து எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! அந்தப் பத்து கிராமை அளக்கும்போது இப்போதெல்லாம் அவர்கள் நினைவு வருகிறது. அவர்களுக்காக ஒரு நிமிஷம் ஜெபிக்கிறேன்.

சரி, உன் தோசை மாவுக்கு வருகிறேன். நீ சொல்வதில் பாதி நியாயம் உண்டு. ஆண்டவருடைய ஜெபத்தில் “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்” என்றுதான் நாம் சொல்கிறோம். கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது அப்பம். சோறு தின்கிற ஜனம் தன் பசியைத் தன் வார்த்தையில் கேட்கட்டும் என்று ஆகாரம் ஆக்கினார்கள் போலும். நல்ல காரியம் செய்தார்கள். புளித்த மா என்று வேதம் சொல்லும்போது நம் காதில் விழுவது கிரைண்டர் சத்தம்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் அம்மாமார்கள் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசி எடுத்துக் கோயில் பானையில் போட்டதும், சாறிபாத் விதவை தன்னிடமிருந்த கடைசிப் பிடி மாவில் முதலில் தீர்க்கதரிசிக்கு அடை சுட்டதும் ஒரே கையின் வேலை. நான் ரொட்டியில் கண்டது தோசை மாவில் இல்லை என்று சொல்லமாட்டேன். ஐம்பது வருஷம் தோசை மாவு கரைத்தும் நான் காணவில்லை, அவ்வளவுதான். பழகிய கை பார்ப்பதில்லை. தெரியாத வேலையில் தடுமாறியபோது பார்த்துவிட்டேன். போன வாரம் உளுந்து ஆட்டி வழித்துக் கையால் கலக்கியபோது அதையும் புதிதாகப் பார்த்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

திருவிருந்துக்கு ஒரு ரொட்டி சுட்டுத் தரட்டுமா என்று குருவானவரிடம் கேட்டேன். மெல்லிய வெள்ளை அப்பம்தான் வழக்கம் என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். புளித்ததா புளிக்காததா என்று கிழக்குச் சபையும் மேற்குச் சபையும் 11ஆம் நூற்றாண்டிலேயே சண்டை போட்டிருக்கின்றன; நான் போய் அதைத் தீர்க்கவா போகிறேன்? சனிக்கிழமை சுடுகிறதை எதிர்வீட்டுப் பிள்ளைகள் தின்கிறார்கள். ஓவனிலிருந்து எடுத்துக் கம்பித் தட்டில் வைத்தவுடன், ஆறுகிற மேலோடு படபடவென்று மெல்ல வெடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்க மூன்று பேரும் காதை வைத்துக்கொண்டு நிற்பார்கள். அடியைத் தட்டிப் பார்ப்பது சின்னவளின் உரிமை. புதுப் பானைபோல் ஒலித்தால்தான் வெந்ததாக அவள் தீர்ப்புச் சொல்லுவாள். கத்தி எடுக்க விடமாட்டார்கள், பிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்ன பாலித்தீன் பொட்டலம் இருக்கும், தூள் என்று கொட்டிவிடாதே. போத்தலில் இருந்த மாவைத் தாளில் மெல்லியதாகத் தடவி, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் காயவைத்து நொறுக்கியது. ஒரு தேக்கரண்டி எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கரைந்ததும் கோதுமை மாவு சேர்த்துக் கிளறி, அடுப்படியில் வெப்பமான இடமாகப் பார்த்து வை. உங்கள் ஊர்க் குளிருக்கு நான்கைந்து நாள்கூட ஆகும். தினமும் மாவும் தண்ணீரும் போடு, எழும்பவில்லையென்று எனக்குத் தொலைபேசியில் புலம்பாதே. பிசையும்போது தொலைபேசி வந்தால் எடுக்காதே, நானாக இருந்தாலும் சரி. உப்பு பத்து கிராம்.

பிள்ளைகளுக்கு என் அன்பைச் சொல். அசனத்துக்கு இந்த வருஷமாவது வா. முழங்காலைச் சாக்குச் சொல்ல இனி முடியாது.

உன் பழைய அறைத்தோழி